போபோவுக்குக் கொடுத்த கேக்

அகத்தா அந்தக் கேக்கை மகன் அமலனுக்காகத்தான் சுட்டாள். ஆரஞ்சுச் சாற்றில் ஊறிய கிஸ்மிஸை அள்ளி அள்ளிப் போட்டாள். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மாவைவிடக் கிஸ்மிஸ் அதிகம் இருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் பூசை முடிந்து, மலேசியாவின் சுங்கை பட்டாணி ஊரிலிருந்த தன் வீட்டுக் கதவைத் திறக்கும்போது சிங்கப்பூரிலிருந்து அவன் கூப்பிட்டான்.

"மா, லீவு கேன்சல் பண்ணிட்டாங்க லா. ஆள் பத்தலையாம். அடுத்த மாசம் கண்டிப்பா வரேன்."

"பரவால்லப்பா. இங்க ஆளுங்க வரப் போக இருக்காங்க, எனக்கென்ன?" என்றாள்.

யாரும் வரவில்லை. கணவர் மோரிஸ் இறந்த வருடம் வீடு கொள்ளாத கூட்டம். மறு வருடம் அது பாதியானது. இந்த வருடம் வாசலில் ஒரு ஜோடிச் செருப்புகூட இல்லை. மதியம் மழை பிடித்துக்கொண்டது. கேக்கில் ஒரு துண்டு வெட்டி ஒரு கடி கடித்துவிட்டு மீதியைக் கையிலேயே வைத்திருந்தாள். காலடியில் போபோ அண்ணாந்து பார்த்தது. அமலன் பக்கத்து ஊரான கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது ரப்பர் தோட்டமொன்றிலிருந்து தூக்கிவந்த நாட்டு நாய். அவன் போய்விட்டான்; அது அவளோடு தங்கிவிட்டது.

"நீயாவது சாப்பிடுய்யா" என்று துண்டை நீட்டினாள். ஒரே வாயில் விழுங்கிவிட்டு வாலை ஆட்டியது. அவள் சமைத்ததை இன்னும் கேட்க ஓர் உயிர் இருந்தது. துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே இருந்தாள்.

விடிந்ததும் பார்த்தால் கூடமெங்கும் வாந்தி. மதியத்துக்குள் போபோ தலையைத் தூக்கவே சிரமப்பட்டது. தண்ணீரைக் கிட்டே வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டு வீடு தள்ளி இருந்த மளிகைக்கடை சதாசிவத்தின் கதவைத் தட்டினாள்.

"வேன்ல ஏத்துங்கக்கா, போவோம்" என்று அவன் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான்.

மிருக வைத்தியர் அன்பரசி இளம்பெண். போபோவின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள்.

"என்ன சாப்பிட்டுச்சு ஆண்ட்டி?"

"சோறுதான். கொஞ்சம் கேக்கு... தெரியாம திருடித் தின்னுருச்சு போல."

"கிஸ்மிஸ் போட்ட கேக்கா?"

அகத்தா தலையாட்டினாள். அன்பரசியின் கை நின்றது.

"திராட்சை, கிஸ்மிஸ் ரெண்டுமே நாய்க்கு விஷம் ஆண்ட்டி. கிட்னியக் கெடுத்துரும். எவ்ளோ தின்னுச்சு? சரியா சொல்லுங்க, அத வச்சுத்தான் நான் பாக்கணும்."

சதாசிவம் பக்கத்திலேயே நின்றான். அகத்தா போபோவின் காதைத் தடவினாள்.

"பாதிக் கேக்கு" என்றாள். "அது திருடல. நான்தான் குடுத்தேன். வீட்டுக்கு யாருமே வரல. தனியா தின்ன முடியல."

சதாசிவம் தரையைப் பார்த்தான். அன்பரசி வேறெதுவும் கேட்காமல் முன்காலில் ஊசி ஏற்றி டிரிப் போட்டாள். "மூத்திரம் போகணும், ஆண்ட்டி. போனாத்தான் தைரியமா சொல்ல முடியும்."

போபோவைக் கிளினிக்கிலேயே விட்டுவைக்க வேண்டியிருந்தது. கிளினிக் திறக்கும் நேரத்துக்கு அகத்தா தினமும் போய்விடுவாள். கூண்டின் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் போபோ தள்ளாடி எழுந்து நின்று தரையெல்லாம் நனைத்தது. "டாக்டர்! மூத்திரம் போயிருச்சு!" என்று அவள் கத்தியதில் அடுத்த அறையில் பூனைக்கூடையோடு இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கமாக இல்லை. அழுகைதான் வந்தது.

அன்று சாயங்காலம் அமலன் கூப்பிட்டான். "எல்லாம் ஓகேவாமா?"

ஓகேதான் என்று நாக்கு நுனிவரை வந்தது. "இல்லப்பா" என்றாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"சனிக்கிழமை வரேன்மா" என்றான்.

சனிக்கிழமை அவன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கண்ணெல்லாம் சிவக்க, ஒரு சின்னப் பையோடு வந்து இறங்கினான். வீடு திரும்பியிருந்த, இளைத்துப்போன போபோவை மடியில் வைத்துக்கொண்டு அவள் அவித்த கோழியைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினான். மறுநாள் காலையிலேயே கிளம்ப வேண்டியிருந்தது.

அவன் ஏறிய கார் திருப்பத்தில் மறைந்த பிறகும் போபோ வாசல் கேட்டின் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நீட்டியபடி நின்றது. உள்ளே வா என்று அகத்தா கூப்பிடவில்லை. அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு அவளும் நின்றாள்.