வாத்தியாரின் கட்டைவிரல்

மச்சினன் காளிச்சாமி ஸ்டாம்ப் பேடின் மூடியைத் திறந்து கட்டில் ஓரத்தில் வைத்தான்.

"சூடு ஆறறதுக்குள்ள வெச்சுப்போடுங்க மாமா. அக்கா இன்னும் அழுக ஆரம்பிக்கலீங்க. ஊருக்குத் தெரிஞ்சா அப்புறம் முடியாது."

அங்கப்பன் அப்பாவின் இடது கையைப் பார்த்தான். செங்கோடன் வாத்தியார் உயிர் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போன பிறகு, இந்தக் காகிதத்தை நீட்டும்போதெல்லாம் அவர் இந்தக் கையைத்தான் இறுக மூடிக்கொள்வார். இப்போது அது விரிந்து கிடந்தது.

மகனுக்கு வயதை இரண்டு கூட்டி எழுதிவிட்டேன் என்பதுதான் காகிதத்தில் இருந்த விஷயம். ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன் ஊரில் பள்ளிக்கூடம் தொடங்க இருபது பிள்ளைகள் வேண்டும் என்றார்கள். பத்தொன்பதுதான் தேறியது. தலைக்கு மேல் கையைச் சுற்றினால் காது எட்டாத நாலு வயது மகனை, ஆறு என்று எழுதிப் பள்ளிப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் சேர்த்துவிட்டார் வாத்தியார். பள்ளிக்கூடம் பிழைத்தது. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மகனுக்குத்தான் இரண்டு வருஷம் தொலைந்தது. மில் டைம் ஆபீசில் இந்த மாதத்தோடு அவனுக்கு ஓய்வு. மகள் நித்யஸ்ரீயின் காலேஜ் படிப்போ இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. வாத்தியாரே எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம், கையெழுத்து வராவிட்டால் ரேகை போதும் என்றிருந்தார் மேனேஜர்.

பேச்சு இருந்தபோது அப்பா ஒரு தரம்தான் பதில் சொன்னார்.

"பள்ளிக்கோடத்தோட மொதப் பக்கமே பொய்யின்னு என்ற கையால எழுதச் சொல்றயா கண்ணு?"

கண்ணு என்றுதான் சொன்னார். அதுதான் அங்கப்பனுக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஊரில் ஒருத்தரையும் கைநாட்டாக விடாத மனிதர். வேலை முடிந்து வரும் மில்காரர்களை மறித்து உட்காரவைத்துக் கையெழுத்துப் பழக்கியவர். அவருடைய கட்டைவிரலைப் பிடித்து அங்கப்பன் மையில் வைத்தான். காகிதத்தில் அழுத்தினான். ரேகை சுத்தமாக விழுந்தது. காளிச்சாமி காகிதத்தை ஊதிக் காயவைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற அக்காளைப் பார்த்துத் தலையாட்டினான். அழுகை எழுந்தது.

ஈரத்துணியால் எவ்வளவு துடைத்தும் மை போகவில்லை. அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்பாவிடமே படித்துத் தலைமையாசிரியை ஆன சாஜிதா பேகம், பிள்ளைகளை வெளியே வரிசையில் நிறுத்திவிட்டு மாலையோடு உள்ளே வந்தார். அங்கப்பன் அப்பாவின் கட்டைவிரலைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டான்.

யாரோ வெள்ளைத்துணியைக் கிழித்து நீட்டினார்கள். "ரெண்டு கட்டைவெரலையும் சேத்துக் கட்டோணுமுங்க. கையை உடுங்க."

"நானே கட்டறனுங்க."

"அப்பன் மேல எத்தனை உசுரு பாரு," என்றாள் பின்னால் ஒருத்தி.

ஒரு சுற்று போதும். அவன் மூன்று சுற்றினான், நான்கு சுற்றினான். நீலம் இன்னும் தெரிந்தது.

"போதுங்கண்ணா," என்றார் சாஜிதா பேகம் மெல்ல. "ஐயாவுக்கு வலிக்கும்."

அவன் நிமிராமலே இன்னொரு துணிக்குக் கையை நீட்டினான்.