ஏழு நாள் வீடு

“உங்க வீட்டுல யாரு சீக்கிரம் அழுவாங்க, பாப்பா?”

டிவி நிகழ்ச்சிக்காக வந்திருந்த அருணாதேவி அக்கா என்னிடம் இப்படித்தான் கேட்டாள். அவளும் மற்ற டிவிக்காரர்களும் எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் அது. நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவளும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தபடி என் பதிலுக்காகக் காத்திருந்தாள். எனக்குப் பேச நேரமாகும். நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு, ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான்.

அதனால் சொல்லிவிட்டேன்.

டிவிக்காரர்கள் வந்ததற்குக் காரணம் என் அப்பா சங்கிலிமுத்து. அவருக்கும் அம்மாவுக்கும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி வேனில் அப்பா ஏறிவிட்டால் கேட் வரைக்கும் சிரிப்புத்தான். திருத்தங்கல் மினிபஸ் கண்டக்டர், ஆட்டுச் சந்தைத் தரகர், கல்யாண வீட்டு மைக் செட்காரர் எல்லாரும் அவர் தொண்டையிலிருந்து வருவார்கள். பக்கத்துத் தெரு விக்னேஷ்வரன் அதைப் போனில் எடுத்துப் போட்டான். ஒரே வாரத்தில் நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அடுத்த மாதம் சென்னையிலிருந்து ‘ஏழு நாள் வீடு’ நிகழ்ச்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒரு வீட்டில் ஏழு நாள் கேமராவை வைத்து, அங்கே இருப்பவர்களை இருக்கிறபடியே காட்டிச் சிரிக்கவைக்கும் நிகழ்ச்சி அது.

யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அந்தக் குரல்கள் எல்லாம் அம்மாவுடையவை. அடுப்படியில் அம்மா பேசிக் காட்டுவாள், அப்பா கற்றுக்கொண்டு வேனுக்குக் கொண்டுபோவார். வெளியே அம்மா வாயே திறக்க மாட்டாள். வேனில் கடைசி சீட்டில் ஜன்னலோரமாக, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தன் குரலுக்கு மற்றவர்கள் சிரிப்பதைக் கேட்டபடி வருவாள். ஒரே ஒரு குரலை மட்டும் அவள் வீட்டை விட்டு வெளியே விட்டதில்லை. அது ஃபோர்மேன் சாலமன்ராஜின் குரல்.

“அத மட்டும் வேன்ல பேசிராதீக. அன்னைக்கே நம்ம ரெண்டு பேருக்கும் கேட்டச் சாத்திருவாரு” என்பாள்.

சாலமன்ராஜ் எதைச் சொன்னாலும் “ஸ்தோத்திரம்” என்று தொடங்கி, “உங்க நன்மைக்குத்தாம்லே சொல்லுதேன்” என்று முடிப்பார். நடுவில் வருவதெல்லாம் திட்டு. பட்டாசு செய்யும் அறைக்குள் செருப்போடு யாரும் வரக் கூடாது என்பதால், இருபத்தைந்து வருஷமாக வாசலில் நின்று அவர் முதலில் பார்ப்பது காலைத்தான். முகத்தைப் பார்க்காமல், காலை வைத்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

டிவிக்காரர்கள் விளக்கைப் போட்டபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. எங்கள் சுவரில் இத்தனை நிறம் இருந்ததை நான் பார்த்ததே இல்லை. தூசிகூட மேலே மிதந்து மினுங்கியது. மூலைக்கு ஒன்றாக நாலு சின்னக் கேமராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி. நான் தண்ணீர் குடித்தாலும் அந்த நாலு புள்ளிகளும் பார்த்தன. நான் குடித்தது ஏதோ பெரிய காரியம் போல எனக்கே தோன்றியது.

இயக்குநர் காசிராஜன், “நேச்சுரலா இருங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அப்பா தூங்கி எழுவதை மூன்று தடவை எடுத்தார்கள்.

“அண்ணே, இன்னொரு தடவ நேச்சுரலா எந்திரிங்க.”

“சார், எனக்கு மூணு வாட்டி விடிஞ்சிருச்சு. இன்னும் ஒரு வாட்டிகூட பல்லு வெளக்கலையே!”

பக்கத்து வீட்டு மூக்கம்மாள் அத்தை வாசலில் நின்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். “ஏ மாடத்தி, ஒரு இணுக்கு கருவேப்பில கேக்க வாறதுன்னாலும் பவுடர் பூசிட்டுல்ல வர வேண்டியிருக்கு!”

அப்பா சட்டைப் பித்தானைப் பூட்டிக்கொண்டுதான் தூங்கினார். அம்மா தலை வாரக்கூட மூக்கம்மாள் அத்தை வீட்டுக்குப் போனாள். கேமராக்காரர் ஜெரின் அம்மாவைப் படம் பிடிக்க வரும்போதெல்லாம் அவள் சுவரோடு சுவராகி நழுவிவிடுவாள். காசிராஜனுக்கு அது குறையாக இருந்தது. “அழுகையும் கொஞ்சம் வேணும். சிரிப்பு மட்டும் வச்சு எப்படி முடிக்கிறது?” என்று அவர் அருணாதேவி அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதன் பிறகுதான் அவள் வெங்காயம் உரிக்க வந்தாள்.

நான் அவளிடம் சொன்னது இதுதான். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் அப்பா வேலை பார்த்த வேறொரு கம்பெனியில் ஒரு அறை வெடித்தது. உள்ளே நாலு பேர். அப்பா அந்த நேரம் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தார். அன்றிலிருந்து எதிர்பாராமல் வெடிச் சத்தம் கேட்டால் அவர் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்வார், அழுவார். அம்மா கதவைச் சாத்திவிட்டு டிவியைச் சத்தமாக வைப்பாள். அரை மணி நேரத்தில் அப்பா வெளியே வந்து ஒரு பகடி சொல்வார். இது கம்பெனியில் யாருக்கும் தெரியாது. அவர் இப்போது லேபிள் ஒட்டுகிற பகுதியில்தான் இருக்கிறார், வெடிமருந்துப் பக்கமே போவதில்லை. ஆனாலும் தெரிந்தால் வேலை போய்விடும். “பயந்த கை கேட்டுக்குள்ளேயே ஆகாது” என்பது சாலமன்ராஜின் சட்டம். இரண்டு பேரை அப்படி அனுப்பியும் இருக்கிறார். வேலை போவதை விட அப்பாவுக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. வேனில் ஏறும்போது சிரிக்கிற முப்பது பேரும் அதன் பிறகு பாவமாகப் பார்ப்பார்கள்.

“அப்பாவா? அவரா?” என்றாள் அருணாதேவி அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்தால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் பிற்பகல் மூன்று மணி. அந்த ஏழு நாளும் அப்பாவும் அம்மாவும் வேலைக்கு லீவு போட்டிருந்தார்கள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து ஜெரினுக்கு ஆட்டுச் சந்தைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா வழக்கம்போல் கதவோரம் நின்றாள். வீட்டுக்குப் பின்னால் ஒருவர் கறுப்பு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். கடைசி நாள் என்பதால் பாட்டுப் போடப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

பாட்டு வரவில்லை. வெடித்தது.

அப்பா போனதை நான் பார்க்கவில்லை. கட்டில் காலியாக இருந்தது. தெருவில் மூக்கம்மாள் அத்தை கரண்டியோடு ஓடிவந்தாள். “எங்கன? எந்தக் கம்பெனி? ஏ பானு! ஏ தாயி!” அவள் மகள் பானுப்பிரியா வேலைக்குப் போயிருந்தாள்.

எங்கள் பக்கம் நிஜமான விபத்து என்றால் காதுக்கு முன்னால் தரைக்குத் தெரியும். அலமாரியில் கவிழ்த்து அடுக்கியிருக்கும் தம்ளர்கள் கிணுகிணுவென்று ஆடும். அம்மா தம்ளர்களைத்தான் பார்த்தாள். அவை அசையாமல் இருந்தன. பிறகு காசிராஜனைப் பார்த்தாள். அவர் கையைத் தட்டத் தயாராக வைத்திருந்தார். ஜெரின் கேமராவோடு கட்டிலுக்கு முன்னால் குனியத் தொடங்கினார்.

அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். கேமராவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“ஸ்தோத்திரம்!”

வீடே அதிர்ந்தது. அது அம்மாவின் வாயிலிருந்து வந்தது என்பதை நம்ப ஜெரினுக்குச் சற்று நேரமானது.

“எவம்லே அது, கேக்காமக் கொள்ளாம வெடியப் போட்டது? லைசென்சு இருக்காலே? ஏலே காசிராஜா, காலக் காட்டு! சூ போட்டுக்கிட்டா உள்ள நிக்க? கழத்துலே!”

காசிராஜன் நிஜமாகவே குனிந்து ஷூவைக் கழற்றினார். ஒற்றைக் காலில் தடுமாறிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கழற்றினார்.

“பொட்டப்புள்ளைகள வேலைக்கு அனுப்பிட்டு இருக்கவ நெஞ்சு இப்பிடி வெடிச்சா, அதுக்கு எந்தக் கடையிலலே மருந்து விக்கான்? சத்தத்த டப்பாக்குள்ள அடைச்சுக் கொண்டாந்திருக்கியே, உனக்கு ஊருல சோறு போடுதாகளா, இல்ல உதைதானா? உங்க நன்மைக்குத்தாம்லே சொல்லுதேன்!”

அதே குரலில் வாசல் பக்கம் திரும்பினாள். “ஏ மூக்கம்மா! தரை ஆடல, தம்ளர் ஆடல. டிவிக்காரன் சத்தம் அது. பானு சாயங்கால வேனுக்கு வந்துருவா. கண்ணத் தொடச்சிட்டு அடுப்பப் பாரு, கொழம்பு தீயுது. ஸ்தோத்திரம்!”

மூக்கம்மாள் அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். நான் ஒருவர் முகத்தில் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தது அன்றுதான். அம்மா பேசிக்கொண்டே வாசலுக்கு நகர்ந்தாள். கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துக் கூட்டிப்போவது போல ஜெரினும் கேமராவும் அவளுக்குப் பின்னாலேயே போனார்கள். இத்தனை வருஷம் முந்தானைக்குள் பொத்தி வைத்திருந்ததை எல்லாம் தெருவில் நின்று அவள் எடுத்து வீசினாள். பத்து நிமிஷம். இவள் என் அம்மாதானா என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நினைவு வந்து கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தேன். அப்பா கையைப் பிடித்தேன். அது பிடிபடாமல் ஆடிக்கொண்டே இருந்தது.

“யாரு பேசுதது? சாலமன் அண்ணனா வந்திருக்காரு?” என்றார்.

“அம்மாப்பா.”

அவர் வாசல் பக்கம் காதைத் திருப்பினார்.

எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா அடுப்படிக்கு வந்து இரண்டு தம்ளர் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தாள். “நாந்தாம்மா அப்பா விசயத்த அந்த அக்காட்ட சொன்னேன்” என்றேன்.

“எட்டு வருசமா வாயத் தொறன்னு கெஞ்சுதோம். பேச்சியம்மான்னு பேரு வேற. தொறந்தது இதுக்குத்தானா?” அம்மா என் தலையில் லேசாகத் தட்டினாள். “போ. அப்பாவுக்குக் கட்டங்காப்பி போடு.”

ஆனால் மூலையில் இருந்த கேமரா எல்லாவற்றையும் பார்த்திருக்கும். அருணாதேவி அக்கா ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன்.

“அக்கா, கட்டிலுக்கு அடியில உள்ளதப் போட்டுராதீக.”

வெளியாள் ஒருவரிடம் நானாகப் போய்ப் பேசிய முதல் பேச்சு அது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “முடிவு என் கையில இல்ல பாப்பா. சொல்லிப் பாக்குறேன்” என்றாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அது டிவியில் வந்தது. தெருவே எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம். அப்பாவின் மூன்று விடியல் வந்தது. காசிராஜன் ஷூ கழற்றுவது வந்தது. பிறகு அம்மாதான், அம்மா மட்டும்தான். சின்னப் பெட்டிக்குள் அவள் அத்தனை பெரியவளாக இருந்தாள். மூலைக் கேமராவின் படம் ஒன்றுகூட வரவில்லை. அருணாதேவி அக்கா சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

ஒன்றே ஒன்று வந்தது. அம்மா வாசல் பக்கம் திரும்பியபோது, கண்ணிமைக்கும் நேரத்துக்கு, கட்டில் விரிப்புக்கும் தரைக்கும் இடையில் ஒரு கால் தெரிந்தது. கணுக்காலில் கறுப்புக் கயிறு. கட்டைவிரல் துடித்துக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. எல்லார் கண்ணும் அம்மா வாயில் இருந்தது. அப்பா மட்டும் தன் காலை மெதுவாக வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் விடியும்போது அம்மா அம்மாவாக இல்லை. குழாயடியில் குடத்தை வைத்தால் பத்துப் பேர் அவள் வாயைப் பார்த்தார்கள். ஆனைக்குட்டத்திலிருந்து யாரோ ஒரு குடும்பம் ஆட்டோ பிடித்துவந்து அவளோடு படம் எடுத்துக்கொண்டது. “ஒரே ஒருக்க ஸ்தோத்திரம் சொல்லுங்கக்கா” என்றார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். அதற்கும் சிரித்தார்கள். வேனில் அந்தக் கடைசி சீட்டு இனி அவளுக்கு இல்லை என்று எனக்குப் புரிந்தது.

மதியம் தெருமுனையில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. “உங்க நன்மைக்குத்தாம்லே!”

சர்ச் ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையும் கையில் வேதாகமமுமாகச் சாலமன்ராஜ் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருபது பிள்ளைகள் வந்தார்கள். அவர் திரும்பி முறைத்தால் நின்றார்கள், நடந்தால் மறுபடியும் கத்தினார்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். “வாங்கண்ணே. உக்காருங்க” என்றாள், சத்தமே வராமல். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சாலமன்ராஜ் அம்மாவைப் பார்த்தார். முகம் சிவந்து, வாயைத் திறந்தார். ஜன்னலில் இருபது முகங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன. அவர் எந்தச் சொல்லில் தொடங்குவார் என்று அத்தனை பேருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

பிறகு கீழே பார்த்தார். இருபத்தைந்து வருஷப் பழக்கம். அப்பாவின் காலை, கணுக்காலில் இருந்த கறுப்புக் கயிற்றை, வெகுநேரம் பார்த்தார். அங்கிருந்து அவர் கண் கட்டிலுக்குப் போனது. அடியில் இருந்த இருட்டில் நின்றது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள், மறுபடியும் நடுவில் நிற்கப்போகிறவள் போல.

சாலமன்ராஜ் வேதாகமத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். மடித்துவிட்டிருந்த கட்டில் விரிப்பின் நுனியைப் பிடித்தார். அது தரையைத் தொடும் வரைக்கும் கீழே இழுத்துவிட்டார். சுருக்கம் விழுந்த இடத்தை உள்ளங்கையால் நீவினார். அடியில் ஒன்றும் தெரியவில்லை என்பதை ஒரு அடி பின்னால் போய் நின்று பார்த்துக்கொண்டார்.

அப்புறம் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தார்.