சனிக்கிழமைச் சுற்றுலா

எவரார்தோ பெண்டாட்டியை அடிப்பதற்குக் கிழமை பார்ப்பவன். மற்ற நாட்களில் அவன் வேலை முடிந்து வரும்போது வீட்டில் வெளிநாட்டுப் பெண் இருப்பாள். ஸ்பானிஷ் படிக்க ஷேலா நகரத்துக்கு வரும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடமே வீட்டுக்கு ஒருவராக அனுப்பி வைக்கும். சோறு, படுக்கை, பாசம் மூன்றும் வீட்டுக்காரர் பொறுப்பு. பாசத்தில் எவரார்தோவை மிஞ்ச ஆளில்லை. நாற்காலியை இழுத்துப் போடுவான். "சாப்பிடு மகளே" என்று கறுப்பு பீன்ஸ் கிண்ணத்தை நகர்த்துவான்.

சனிக்கிழமை அந்தப் பிள்ளைகள் சுற்றுலா போவார்கள். அன்று அவன் ஒரு வாரத்து ஆத்திரத்தை ஒரே மத்தியானத்தில் தீர்த்துக்கொள்வான்.

பெண்டாட்டி தோமாசாவுக்கு முன்பல் போனது ஒரு சனிக்கிழமை. இடது காது அடைத்துப்போனதும் சனிக்கிழமைதான். சுற்றுலாவிலிருந்து திரும்பி வந்த பெண் பதறிக்கொண்டு கேட்டால் பதில் நாக்கு நுனியில் இருக்கும். "துவைக்கிற தொட்டியடியில வழுக்கி விழுந்துட்டேம்மா."

மகள் எல்விரா அந்த வம்சத்திலேயே முதல் பட்டதாரி. சட்டம் படித்தவள். பட்டச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு எவரார்தோதான் சுவரில் மாட்டினான்; அதே சுவரில்தான் அம்மாவின் தலை மோதும். குறுக்கே போனால் எல்விராவுக்கும் விழும். போலீசுக்குப் போனாள். "புருஷன் பெண்டாட்டி சண்டைக்கெல்லாம் சட்டம் பேசாதீங்க, வக்கீலம்மா" என்று சிரித்து அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லலாம். சொன்னால் மறுநாளே இந்த வீட்டுக்கு ஆளனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் வாரத்தில் ஏழு நாளும் சனிக்கிழமை.

இப்போது இருப்பவள் நார்வேக்காரி, சுன்னிவா. காலை முழுக்க ஆசிரியைக்கு எதிரே உட்கார்ந்து ஸ்பானிஷ். பிற்பகல் மலைக் கிராமத்துப் பள்ளியில் தொண்டு; குழந்தைகளுக்குப் பல் துலக்கக் கற்றுக்கொடுக்கிறாள். பொழுது சாய்ந்தால் சமையலறை மேசையில் வீட்டுப்பாடம். எதிரே பல் போன தோமாசா சோள ரொட்டி தட்டிக்கொண்டிருப்பாள்.

வெள்ளி இரவுச் சாப்பாட்டில் எவரார்தோ கேட்டான்.

"நாளைக்கு எங்கம்மா டூரு?"

"ஏரி. நான் இரவு அங்கே தங்குவேன். மிகவும் மகிழ்ச்சி."

"தங்கு, தங்கு. விடியக்காலம் ஏரியைப் பாத்தாத்தான் கண்ணுக்கு அழகு. அடிச்சுப் பிடிச்சு ஓடியாராத."

தோமாசாவின் கை மாவிலேயே நின்றது. "மழை வராப்புல இருக்கே. வீட்டுலயே இரேம்மா. கோழிக் கொழம்பு வெக்கிறேன்."

"கோழி ஞாயிறு, அம்மா!" சுன்னிவா அவள் கன்னத்தில் முத்தம் வைத்தாள்.

படியடியில் எல்விரா அவளை மறித்தாள். "நாளைக்குப் போகாத."

"ஏன்?"

என்ன சொல்வது? "எனக்குத் துணைக்கு இரு."

"நீயும் வா எல்விரா! உன் குடும்பம் மிகவும் இனிய குடும்பம். எங்கள் வீட்டில் யாரும் பேசுவது இல்லை."

கன்னத்தில் ஓங்கி ஒன்று விடலாம்போல இருந்தது எல்விராவுக்கு. கண் இருந்தும் இவளுக்கு எதுவும் தெரியாதா? பல் மட்டும் துலக்கத் தெரியுமா?

மறுநாள் மத்தியானம் எவரார்தோ கால்பந்துத் திடலிலிருந்து சாராய நெடியோடு வந்தான்.

"கோழிக் கொழம்பா வெக்கிற? யாரைக் கேட்டுடி அவளைப் புடிச்சு வெக்கப் பாத்த?"

தோமாசாவின் சடையைக் கையில் சுற்றி முற்றத்துக்கு இழுத்தான். நடுவில் பாய்ந்த எல்விராவை எட்டி உதைத்தான். அடுப்படியில் போய் விழுந்தாள். எழுந்து பார்த்தபோது அம்மாவின் தலை தொட்டித் தண்ணீருக்குள் இருந்தது. கால்கள் மட்டும் சிமெண்டுத் தரையில் உதைத்துக்கொண்டிருந்தன. உதைப்பு குறைந்துகொண்டே வந்தது.

கைக்கு அகப்பட்டது அம்மிக்குழவி. சடையைப் பிடித்திருந்த முழங்கையைப் பார்த்து இறக்கினாள். காய்ந்த விறகு ஒடிகிற சத்தம் கேட்டது.

எவரார்தோ அலறிக்கொண்டு திரும்பினான். "பெத்த அப்பனையே அடிக்கிறியாடி?"

"இன்னிக்கு சனிக்கெழமைப்பா."

அவன் மறு கையை ஓங்கினான். எல்விரா இந்த முறை தலைக்குக் குறி வைத்தாள்.

தோமாசா தொட்டியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் கக்கினாள். வந்து தடுக்கப்போகிறாள், புருஷன் காலைக் கட்டி அழப்போகிறாள் என்றுதான் எல்விரா நினைத்தாள்.

"தலை வேணாம்டி, செத்துருவான்" என்றாள் தோமாசா. "அந்தக் கையும் இருக்குல்ல."

எல்விரா அந்தக் கையையும் ஒடித்தாள்.

ஞாயிறு மத்தியானம் ஏரி மீனோடு சுன்னிவா வந்தாள். இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு மேசை முன் உட்கார்ந்திருந்த எவரார்தோவைப் பார்த்ததும் மீன் பையை நழுவவிட்டாள்.

"ஐயா! என்ன ஆயிற்று?"

எவரார்தோ வாயைத் திறந்தான். எல்விரா எதிரே குழவியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டான்.

"தொட்டியடியில வழுக்கி விழுந்துட்டாரும்மா" என்றாள் தோமாசா.

"மறுபடியும் தொட்டியா? அது மிகவும் கெட்ட தொட்டி!"

தோமாசா முன்பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தாள். கரண்டியில் கோழிக் குழம்பை அள்ளி அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். அவன் தின்றான். வேறு வழி?

"வர்ற சனிக்கெழமை டூரு எங்கம்மா?" என்று கேட்டாள் எல்விரா.

"எரிமலை. இரவு கூடாரத்தில் தூக்கம்."

எவரார்தோ கரண்டியை விட்டு முகத்தைச் சுன்னிவா பக்கம் திருப்பினான்.

"மழை வராப்புல இருக்கே" என்றான். "வீட்டுலயே இரேன், மகளே."