ஏழரை அக்கா

ஊரில் அவளுக்குப் பெயர் ஏழரை அக்கா. காலை ஏழரை மணிக்கு வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவள் என்பதால் வந்த பெயர். "ஏழரையையே கட்டிக்கிட்டு வந்துட்டேன், இனி எந்தச் சனி என்னை என்ன பண்ணும்?" என்று அவள் கணவர் கேலி செய்வார். அதே நிலையத்தில் அவர் ஒலிப்பதிவாளர். கண்ணாடிக்கு அந்தப்புறம் அவர் விரலை உயர்த்தினால்தான் இந்தப்புறம் அவள் வாயைத் திறப்பாள்.

அந்த நாளில் ஒலிபரப்பு காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். செய்தி, காய்கறி விலை, மழை வருமா வராதா, பிறகு மரண அறிவித்தல். போனவர் யாருக்குக் கணவர், யாருக்குத் தகப்பன், எப்போது எடுக்கிறார்கள் என்று ஒரு பெயரையும் விழுங்காமல் வாசிப்பாள். அந்நேரம் தேநீர்க் கடையில் டம்ளர் சத்தம்கூடக் கேட்காது. வருடக்கணக்கில் முகம் பார்க்காத அண்ணன் தம்பிகள்கூட, கேட்ட கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியதுண்டு.

பிறகு நாடகங்கள் வந்தன. நேயர் விருப்பம் வந்தது. அதற்கு வந்த தபால் அட்டைகள் நின்று தொலைபேசி வந்தது. கடைசியில் ஒரு நிறுவனம் நிலையத்தையே வாங்கியது. நாள் முழுக்கப் பாட்டு என்றார்கள். ஒலிநாடாக்களை அட்டைப்பெட்டிகளில் அள்ளிக்கொண்டு போனார்கள்; அந்த இடத்தில் கணினி வந்து உட்கார்ந்தது. அவள் கணவருக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

புது மேலாளர் சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர்.

"அக்கா, கண்ணைத் திறந்ததும் சாவுச் செய்தின்னா யாரு கேப்பாங்க? அதை நிறுத்திடலாம். நீங்க பத்து மணி நிகழ்ச்சிக்கு வாங்க. நேயர்கள்கிட்ட சிரிச்சுப் பேசணும், அவ்வளவுதான்."

வீட்டில் சொன்னபோது கணவர், "சிரிக்கிறதுக்குச் சம்பளமா? அதான் எனக்கு ஓசியில சிரிக்க மாட்டேங்கறியா?" என்றார். அன்று அவள் சிரித்தாள்.

அந்த மழைக்காலத்தில், பல் தேய்க்கப் போனவர் குளியலறை வாசலிலேயே சரிந்தார். மருத்துவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சொந்தக்காரர்கள் வந்தார்கள், அக்கம்பக்கத்தார் வந்தார்கள், மேலாளரும் வந்து ஓரமாக நின்றார். கணவரோடு இத்தனை காலம் பழகிய ஊருக்குத்தான் தெரியவில்லை. எடுக்கும்வரை அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவுதானா கூட்டம்?" என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது.

அதன்பிறகுதான் கொடுமை. சந்தையில் ஒருத்தி, "சார் எப்படி இருக்கார்?" என்பாள். வங்கியில் ஒருவர் கேட்பார். பேருந்தில் இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லவேண்டும். கேட்டுவிட்டு, "ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?" என்று கோபித்துக்கொள்வார்கள். அவள் தெரிந்த கடைகளை விட்டு, யாருக்கும் தன்னைத் தெரியாத தெருவில் காய்கறி வாங்கத் தொடங்கினாள்.

வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில், பத்து மணி நிகழ்ச்சிக்கு ஒரு அழைப்பு. கணவருக்குச் சட்டை தைக்கும் தையல்காரர்.

"அக்கா, சாரைக் காணவே காணோமே? தைச்ச சட்டை கடையில தொங்கிட்டிருக்கு. சொகமா இருக்காரா?"

எத்தனையோ வீட்டுச் சாவை ஊருக்கே சொன்னவளுக்கு, தன் வீட்டுச் சாவைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"நல்லா இருக்கார்," என்றாள். "உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?"

சிரிக்கவும் செய்தாள். பாட்டு தொடங்கியதும் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் தையல்காரர் காகிதத்தில் சுற்றிய சட்டையோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அவர் இல்ல," என்றாள் அவள்.

"வெளியில போயிருக்காரா? பரவால்ல, வரட்டும். நான் இருந்து பாத்துட்டே போறேன்." நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

அவள் உள்ளே போய்த் தேநீர் போட்டு வந்து நீட்டினாள். அவர் ஒரு வாய் குடித்தபிறகு, "அண்ணே, அவர் வரமாட்டார்," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "காலையில நல்லா இருக்கார்னு சொன்னீங்களேம்மா..."

"ஆமா. சொன்னேன்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கணவரை எடுத்த அன்றுகூட அழாதவள், அதைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து சத்தம்போட்டு அழுதாள்.

தையல்காரர் வாய்வழியாகச் செய்தி பரவியது. ஒரு வாரம் ஆட்கள் இரண்டிரண்டு பேராக வந்து, அதிகம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். பத்து மணிக்குச் சிரிக்க அவளால் அதன்பிறகு முடியவில்லை. விடுப்பு கேட்டாள், மேலாளர் கொடுத்தார். விடுப்பு முடிவதற்குள் அந்த நேரத்தையும் கணினியிடம் விட்டுவிட்டார்கள்.

சட்டையை அவள் கொழுந்தனுக்குக் கொடுத்தாள். தோள்பட்டை அளவெடுத்ததுபோல் பொருந்தியது. அவர் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தபோது, பின்னாலிருந்து பார்க்க அண்ணனேதான். வாசலில் நின்றிருந்தவள், அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.