நூற்றுப் பத்து நாள் நோன்பு மாதம்

ஊர் உலகத்துக்கெல்லாம் முப்பது நாளில் முடிந்துபோகும் ரமலான் மாதம், அம்மான் நகரத்தில் ஓர் அலுவலகத்தின் நாலாவது மாடியில் மட்டும் நூற்றுப் பத்து நாள் நீடித்தது. ஐந்தாவது மாடிக்காரர்கள் பெருநாள் கொண்டாடி, தின்ற இனிப்பு செரித்து, பாதாமி எனும் ஆப்ரிகாட் பழக் காலமும் வந்துவிட்டது. நாலாவது மாடிக்குப் பிறை தெரியவே இல்லை. இதைச் சொன்னால் அம்மானின் டாக்ஸிக்காரர்கள்கூட நம்புவதில்லை. அவர்களோ எதையும் நம்பக்கூடியவர்கள்.

அந்த மாடியில் பதினொரு பெண்களும் மூன்று ஆண்களும் மென்பொருள் எழுதினார்கள். அவர்களில் மூத்தவள் ருதைனா. அவளுடைய மகள் தாலா இரண்டாம் வகுப்பு; அதனால் அலுவலகத்தில் அவளை 'உம் தாலா', தாலாவின் அம்மா, என்றே கூப்பிடுவார்கள். பள்ளி வண்டி மூன்றரைக்குக் குழந்தையை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். அலுவலகமோ ஆறு மணி வரை. நடுவில் இருந்த இரண்டரை மணி நேரத்தில் தாலா பக்கத்து வீட்டுக் கிளிக்கு மொத்தப் பெருக்கல் வாய்பாட்டையும் கற்றுக்கொடுத்துவிட்டாள். அம்மாவிடம் பேசத்தான் அவளுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

நோன்பு தொடங்குமுன் ருதைனா மேலாளர் நாயிஃபிடம் போய் நின்றாள்.

"மூணு மணிக்கு விட்டுடுங்க, உஸ்தாத். வேலையில ஒரு புள்ளி குறையாது."

"மூணு மணிக்கு வீட்டுக்குப் போறவங்க தபால் ஆபீஸ்ல இருப்பாங்க, உம் தாலா. நோன்பு மாசம் மட்டும் மூணு மணி. பெருநாள் முடிஞ்சா பழையபடி ஆறு. முடியாதுன்னா ஒரு ராஜினாமா கடிதம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

எழுதினாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள். பெருநாள் விடுமுறை முடிந்த முதல் நாள் பிற்பகல் மூன்று மணிக்குக் கொடுப்பதென்று முடிவும் செய்தாள்.

அந்த மூன்று மணியும் வந்தது. பையைத் திறந்தாள். பதினான்கு கணினிகளும் ஒரே நேரத்தில், 'இன்றைய வேலை முடிந்தது, சென்று வாருங்கள்' என்று சொல்லிப் பூட்டிக்கொண்டன. முந்தின வருடம் ஒருவர் நோன்போடு மயங்கி விழுந்ததிலிருந்து, நோன்பு மாதத்தில் அப்படிப் பூட்டிவிட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. ஆனால் மாதம்தான் முடிந்துவிட்டதே!

அடுத்த இருக்கை ஷஹத் அவள் காதருகே குனிந்தாள். "அக்கா, மனுஷன் ஒத்துக்கிட்டாரு! வெளியில சொல்ல வெக்கம், அதான் நேரத்தை மட்டும் மாத்தி வச்சிருக்காரு!"

"வாயை மூடு. கண்ணு பட்டுடும்."

மறுநாள் ருதைனா நன்றிக்காக, பேரீச்சை வைத்த மஆமூல் ஒரு டப்பா நிறைய நாயிஃபின் மேசையில் வைத்தாள். பெருநாள் பலகாரம் என்று நினைத்து அவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு பெரிதாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் எல்லோருடைய சந்தேகமும் தீர்ந்தது.

அதன்பிறகு அந்த மாடியில் ஒருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நல்லது நடக்கும்போது வாய் திறந்து கெடுத்துக்கொள்ள அவர்களென்ன பைத்தியமா? ஷஹத் மட்டும் முன்னெச்சரிக்கையாக, கண் படாமலிருக்கக் கணினிப் பெட்டியில் ஒரு நீல மணியைத் தொங்கவிட்டாள்.

மூன்று மணிக்குக் கதவு மூடும் என்றால் மனிதர்கள் எப்படி வேலை செய்வார்கள் தெரியுமா? ஒன்றரை மணி நேரக் கூட்டங்கள் எட்டு நிமிடத்துக்குச் சுருங்கின. தேநீரை நின்றுகொண்டே குடித்தார்கள். விசைப்பலகைகள் கொதித்த கொதிப்பில் ஷஹத் அவற்றில் ரொட்டி சுட்டாள் என்று சொன்னால் பொய். பாலாடைக்கட்டியை உருக்க மட்டும்தான் அவளால் முடிந்தது. மருத்துவமனைகளுக்கான முன்பதிவு மென்பொருள், சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. தாலா கிளியைக் கைவிட்டு அம்மாவிடம் பேச ஆரம்பித்தாள்.

நூற்றுப் பத்தாம் நாள் முதலாளி அபூ பிஷ்ர் வந்தார். எல்லோரும் பெரிய அறையில் கூடினார்கள்.

"எப்படி நாயிஃப் இவ்வளவு சீக்கிரம் முடிச்சே?"

நாயிஃப் நெஞ்சை நிமிர்த்தினார். "கண்டிப்பு, அபூ பிஷ்ர். ஆறு மணிக்கு முன்னாடி ஒருத்தர் அசையறதில்ல. வருகைப் பதிவைப் பாருங்க, நூத்துக்கு நூறு!"

ருதைனாவுக்குத் திக்கென்றது. ஆறா? யாருக்கு ஆறு? அவள் கை தானாகவே முதலாளிக்குப் போகும் முழுப் பதிவைச் சுவர்த்திரையில் திறந்தது.

மேலே கொட்டை எழுத்தில் இருந்தது: 'ரமலான் கால அட்டவணை. நாள் 110.'

அறையில் ஒரு ஈ பறந்தது. அதுவும் திரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. அபூ பிஷ்ர் வாய்க்குக் கொண்டுபோன பாதாமிப் பழம் பாதி வழியில் நின்றது. "என்னம்மா இது? நோன்பு நேரத்துல தின்னுக்கிட்டு இருக்கேனா நான்?"

ருதைனாவின் கண் அட்டவணையின் கடைசிக் கட்டத்துக்கு ஓடியது. முடியும் தேதி: வெற்று. கணினிகளைப் பூட்டும் அந்த அட்டவணையைப் போட்டவள் அவள்தான். இருபத்தொன்பதா முப்பதா என்பதைப் பிறைதானே சொல்ல வேண்டும். தெரிந்தபிறகு நிரப்பலாம் என்று விட்டிருந்தாள். பிறை தெரிந்த அன்று தாலாவுக்குச் சட்டை வாங்கக் கடைத்தெருவில் நின்றாள். நாயிஃப் ஒத்துக்கொள்ளவும் இல்லை, ஒன்றும் இல்லை.

பையிலிருந்த கடிதம் கல்லாய்க் கனத்தது. எழுந்தாள்.

"தப்பு என்னோடது, அபூ பிஷ்ர். தேதி போட மறந்துட்டேன். பெருநாளுக்கு அப்புறமும் மூணு மணிக்குத்தான் போறோம். உஸ்தாத் நாயிஃப் அனுமதிச்சதா நெனச்சோம்."

"பொய்!" நாயிஃப் துள்ளி எழுந்தார். "மூணு மணிக்குப் போனா அந்த வேலை முடிஞ்சிருக்கவே முடியாது! நான் இங்கதானே இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"உஸ்தாத், மூணே காலுக்கு எங்களை ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?" என்றாள் ஷஹத், மகா அப்பாவியாக.

அபூ பிஷ்ர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே போனார். அட்டவணைப்படி மூன்று மணிக்குப் போன பதினான்கு வரிசையும் பச்சை. அடியில் ஒன்று மட்டும் மிளகாய்ச் சிவப்பு. மேலாளரின் வருகை முதலாளியின் பிரதியில் மட்டும்தான் இருக்கும் என்பது நாயிஃபுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"நாயிஃப். வெளியே போன நேரம் ரெண்டு இருபது. ரெண்டு பதினஞ்சு. ரெண்டு இருபது… எங்க போனே?"

"வாடிக்கையாளரைப் பார்க்க…"

"தினமுமா?"

"அம்மா வீட்டுக்கு." குரல் உள்ளே போனது. "ஒரு குட்டித் தூக்கம் போட."

ருதைனா கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். அபூ பிஷ்ர் அதை வாங்காமல், கையிலிருந்த பாதாமிப் பழத்தை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"கடிதத்தைக் கிழிச்சுப் போடு. அந்த முடியும் தேதிக் கட்டத்தை அப்படியே காலியா விடு. மேல இருக்கிற பேரை மட்டும் மாத்திடு, இல்லேன்னா இமாம் என்மேல சண்டைக்கு வருவார்." பிறகு திரும்பினார். "நாயிஃப், உன் வாயால ஒரு தடவை சொல்லிடு. நடந்துச்சா, இல்லையா?"

நாயிஃப் திரையைப் பார்த்தார். கதவுக்கு அப்பால் ஷஹதின் கணினியில் தொங்கிய நீல மணியைப் பார்த்தார். கடைசியில் ருதைனாவைப் பார்த்தார்.

"நடந்துச்சு, அபூ பிஷ்ர். மூணு மணிக்கே போயிருக்காங்க. வேலையும் முடிஞ்சிருக்கு."