கல்யாணத்தன்று திறக்காத தெர்மோஸ்டாட்

மேலக்கரைவிளை என்ற ஊரில் எந்த வீட்டின் வாசற்கதவும், அந்த வீட்டு வண்டியின் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் திறக்கும். தெர்மோஸ்டாட் என்பது என்ஜினுக்குள் இருக்கும் சின்ன வால்வு. தண்ணீர் எண்பத்திரண்டு டிகிரிக்குச் சூடானால் அது திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும், ஆறினால் மூடிக்கொள்ளும். அதனால் அந்த ஊரில் குடும்பத் தலைவர்கள் எல்லோரும் வண்டியிலேயே படுத்துக்கொள்வார்கள். காலையில் முற்றத்தில் வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிடம் உறுமவிட்டால் கதவு திறக்கும், காபி வரும்.

ஞானதிரவியம் தன் மகள் ஜெபமலரின் கல்யாணத்தன்றும் அப்படித்தான் வேனைக் கிளப்பினார். பதினொரு மணிக்குச் சர்ச்சில் கல்யாணம். மாப்பிள்ளை சாம்ராஜ் எட்டரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டதாகப் போன் வந்தது. பையனுக்கு அவ்வளவு அவசரம். சூடு காட்டும் முள் ஏறியது, சிவப்பைத் தொட்டது, ரேடியேட்டர் மூடி ஆவி கக்கியது. கதவு மட்டும் அசையவில்லை.

கதவோடு சேர்ந்து மூடிக்கொண்ட ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஜெபமலர் வெள்ளைப் பட்டில் நின்றாள். "எப்பா, பூ வாடுது."

"இந்தா ஆச்சும்மா, அஞ்சே நிமிசம்," என்றார் அவர்.

மெக்கானிக் பிச்சைக்கனி சைக்கிளில் வந்தார். என்ஜின் ஆறும்வரை ஒரு பீடி குடித்தார். ஊரில் ஒரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஞானதிரவியத்தின் மச்சான் தேவசகாயத்துடையது. கல்யாணத்துக்காக முந்தின நாளே வந்திருந்த தேவசகாயம், கடைச் சாவியோடு அந்த வீட்டுக்குள்தான் இருந்தார்.

"பேசாம கழட்டிப் போட்டுட்டு ஓட்டிருவமா அண்ணாச்சி?" என்று பிச்சைக்கனி கேட்டார். அவர் எல்லா வண்டிக்கும் அதைத்தான் சொல்வார்.

"வேண்டாம் மேஸ்திரி!" என்று ஞானதிரவியம் அலறியேவிட்டார். கீழத்தெரு தவசிமணி அந்தப் பேச்சைக் கேட்டுக் கழற்றிப் போட்டவர். வண்டி ஜோராக ஓடுகிறது. வீட்டுக்குத்தான் நாலு பக்கமும் சுவர். மத்தியானம் தாளிக்கும் வாசனை மட்டும் வெளியே வருகிறது.

சோதித்துப் பார்க்கவாவது கழற்ற வேண்டும் என்றார் பிச்சைக்கனி. கழற்றினார். வாசற்கதவு இருந்த இடம் பூசிய சுவரானது; ஜன்னல்களும் சுவராயின. மகளின் முகம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு. சோதிக்கும்போது இப்படித்தான் ஆகும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தெரிந்திருந்தும் ஞானதிரவியம் சுவரை நோக்கி ஓடினார். சுவரில் கையை வைத்துப் பார்த்தார். ஈரம்கூட இல்லை.

தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி எதிர் டீக்கடைக் கொதிநீரில் தொங்கவிட்டார்கள். கால் மணி நேரமாகியும் அது வாயைத் திறக்கவில்லை. டீக்கடைக்காரர் அதே தண்ணீரில் டீ போட்டார்.

"செத்துப் போச்சு," என்றார் பிச்சைக்கனி. சைக்கிள் பெட்டியைக் கிளறி வேறொன்றை எடுத்தார். "இது பழசுதான். நல்ல சாமான். எண்பத்திரண்டேதான்."

யார் வீட்டுத் தெர்மோஸ்டாட் என்று ஞானதிரவியம் கேட்டிருக்க வேண்டும். அந்த ஊரில் கத்தரிக்காய் வாங்கினால்கூட யார் தோட்டம் என்று கேட்பார்கள். ஆனால் மணி பத்தேகால் ஆகிவிட்டது, மனுஷன் கேட்கவில்லை. மாட்டினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், கிளப்பினார்கள். சுவரில் ஒரு கதவு தெரிந்தது. நீலக் கதவு. அவர் வீட்டுக் கதவு பச்சை.

முள் நடுவுக்கு வந்ததும் கதவு திறந்தது. முன்பின் பார்த்திராத ஒரு கல்யாணப்பெண் வெளியே வந்தாள். பின்னாலேயே அவளுடைய சொந்தக்காரர்கள் பத்துப் பேர், தாம்பூலத் தட்டுகளோடு.

ஞானதிரவியம் அவர்களைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். "மேஸ்திரி, எம்மவ எங்க?"

"உங்க பழைய தெர்மோஸ்டாட்டுலதான் அண்ணாச்சி. புதுசு ஒண்ணு போட்டா வந்துருவா." பிச்சைக்கனி கையைத் துடைத்தார். "ஆனா இந்த மாடலுக்குப் புதுசு வாறது நின்னு போச்சு. தேடித்தான் பாக்கணும்."

"தேடுனா கெடைக்குமா?"

"தேடுவோம். உள்ள அரிசி பருப்பெல்லாம் இருக்குல்லா?"

முப்பது பேருக்குக் கல்யாணச் சமையல் சாமான் இருந்தது. ஞானதிரவியம் தலையை ஆட்டினார்.

"மணி என்ன?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"பத்து நாப்பது," என்றார் பிச்சைக்கனி. "இந்தத் தெர்மோஸ்டாட்டு பழைய இரும்புக்கு ஒடச்ச வண்டியில எடுத்த சாமான்மா. ஒங்க வண்டிய ஒடச்சு பத்து வருசமாச்சு."

"அப்போ நேரம் கெடக்கு, பதினோரு மணிக்குத்தான சர்ச்சில கல்யாணம். எங்கப்பா எங்க?"

"அவரு காலமாயி ஆறு வருசம் இருக்கும்மா."

அவள் கொஞ்ச நேரம் வேனின் சக்கரத்தையே பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு ஞானதிரவியத்தைப் பார்த்து, "என்னயக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறீயளா?" என்று கேட்டாள்.

கல்யாணத்துக்குக் கிளம்பிய பெண் அப்படிக் கேட்டால் யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? அவர் வேன் கதவைத் திறந்துவிட்டார். எல்லோரும் ஏறினார்கள். வேன் ஒரு சொட்டுத் தண்ணீர் கக்காமல் ஓடியது. சுண்ணாம்புச் சுவர் கண்ணிலேயே நின்றதால் அவர் இரண்டு இடத்தில் வழி தவறினார்.

சர்ச்சில் மணி அடித்தது. அவர் அவளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். சாம்ராஜ் முன்னால் நின்று திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்க ஞானதிரவியத்துக்குத் துணிவில்லை.

கடைசி பெஞ்சில் பத்து வருடமாக உட்கார்ந்திருந்த, காதோரம் நரைத்த ஒருவர் எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். சாம்ராஜ் அவருக்கு வழிவிட்டான். பூச்செண்டைக் கீழே வைக்காமல் நடந்துபோய், கடைசி பெஞ்சில் காலியான இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.