மண்டபத்துக்கு முன்னால் ஐஸ் பெட்டி

இப்போது யாருக்கும் நேரில் வந்து பார்க்கப் பொறுமை இல்லை. கல்யாண மண்டபத்தில் கால் வைக்காமலே, தரை வழுக்குமா, பந்தியில் எத்தனை இலை போடலாம் என்று டெலிபோனில் கேட்கிறார்கள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் வேண்டுமாம். மருமகன் நச்சரித்ததால் போன மாதம் என் மண்டபத்தையும் இன்டர்நெட்டில் போட்டேன்.

காலை ஒன்பதரைக்குக் கனகராஜ் வியர்த்து வழிய ஓடிவந்தான். தை மாதம் அவன் பெண்ணுக்கு என் மண்டபத்தில்தான் கல்யாணம்.

“நைனா, இன்னா வேல பண்ணி வெச்சிகீற? அமெரிக்காவுல சம்பந்தியம்மா உன் மண்டபத்தப் பாக்கலாம்னு தொறந்தா, பொணம் வெக்கிற ஐஸ் பெட்டி வருது!”

“இன்னாடா ஒளர்ற?”

“சகுனம் சரியில்ல, சம்பந்தமே வாணாங்குறாங்க. மாப்புள கெஞ்சினதால பத்து மணிக்கு இன்னொரு தபா பாப்பாங்களாம். அப்பவும் பெட்டி வந்தா அவ்ளோதான். எம் பொண்ணு அழுதுகினு கீது.”

இன்டர்நெட்காரர்களின் ஆபீஸ் நம்பரைக் கொடுத்து, அவனை வீட்டில் போன் பக்கத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டு உஸ்மான் ரோட்டுக்கு ஓடினேன். இன்டர்நெட்டில் போட்டுக்கொடுத்த மாளவிகாவின் ஆபீஸ் அங்கே மாடியில் இருந்தது. அவள் கம்ப்யூட்டரில் மண்டபம் வாழைமரத்தோடு ஒழுங்காகத்தான் வந்தது.

“இங்க சரியா இருக்கே, சார்.”

“இங்க வந்து இன்னா பிரயோஜனம்? அங்க பெட்டியில்ல வருது!”

அவள் முகம் மாறியது. “அவா பழைய சாஃப்ட்வேர் வெச்சிண்டிருக்கா போல. எங்க சர்வர் ஒரே மெஷின், சார். அதுல நாலு பேரோட வெப்சைட் இருக்கு. புது சாஃப்ட்வேர் இன்னாரைக் காட்டுன்னு கேக்கும். பழசு அப்படிக் கேக்காது. அப்போ மெஷின் முதல்ல இருக்கறவாளைக் காட்டிடும். ஐஸ் பெட்டிக்காரர்தான் முதல்ல சேர்ந்தவர்.”

“சாவையும் கல்யாணத்தையும் ஒண்ணா போட்டு வெச்சிட்டு, ஒரு வார்த்த சொன்னியாமா நீ?”

“எல்லாரும் இப்படித்தான் வெக்கறா, சார். இருங்கோ, உங்களை முதல்ல போட்டுடறேன்.”

போடு என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்தினேன். “அப்ப, சாவு வூட்டுக்காரன் பெட்டி தேடினா என் மண்டபம் வருமா?”

“பழசு வெச்சிருந்தா... வரும்.”

மண்டபப் படத்தில் நாயனக்காரர்கள் ஊதிக்கொண்டிருந்தார்கள். பிணத்தைக் கூடத்தில் கிடத்திவிட்டு அதை எவன் பார்ப்பான்?

“பத்தேகாலு வரைக்கும் போடு. அப்பால அவனையே வெச்சிடு.”

தட்டினாள். பழைய சாஃப்ட்வேர் ஒன்றில் திறந்து பார்த்தாள்; திரையில் ஒன்றும் வரவில்லை. மணி ஒன்பது ஐம்பத்தேழு.

“இன்னாமா?”

“எங்கேயோ தப்பா அடிச்சிருக்கேன்.” மறுபடி தட்டினாள். பத்தாக ஒரு நிமிஷம் இருக்கும்போது மண்டபம் வந்தது.

பத்து எட்டுக்கு அவள் மேஜையில் போன் அடித்தது. கனகராஜ்தான்.

“பாத்துட்டாங்க, நைனா! வாழமரம் ஜோரா கீதாம். கல்யாணம் உண்டாம்!”

மாளவிகா பழையபடி பெட்டிக்காரனை முதலில் வைத்தாள்.

“இப்ப மெஷின்ல நாலு பேருக்கும் வீட்டு நம்பர் மாதிரி ஒரே நம்பர். அடுத்த வாரம் உங்களுக்குன்னு தனி நம்பர் வாங்கிடறேன், சார். அப்புறம் எதுல பாத்தாலும் உங்க மண்டபம்தான்.”

“மெஷினு?”

“மெஷின் அதேதான்.”

“இன்னாமோ சொல்ற, போ.”

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.